இணைச்சீர்க் கூடையை யார் சுமப்பது

பிரவீண்,

நீ அனுப்பிய கல்யாண நிகழ்ச்சி நிரலை மூன்று முறை படித்துவிட்டேன். முதலில் கண்ணாடி இல்லாமல், பிறகு கண்ணாடியோடு, மூன்றாவதாக உன் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து உரக்க. அவர் வழக்கம்போல் "ம்" என்றார். போனில் பேசலாம் என்றால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கொச்சியில் உனக்கு விடிவதும் அடைவதும் மீட்டிங்கில்தான் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நல்லேப்பிள்ளி பால் சொசைட்டியில் முப்பது வருடம் காலையும் சாயங்காலமும் பாலைச் சோதித்துப் பேரேட்டில் எழுதிய கை இது, நீளமாக எழுதினால் விரல் மரத்துப்போகும். போகட்டும். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். நானும் காட்டத்தான் போகிறேன். உன்னைப் போன்ற பிள்ளையைப் பெற்றவள் இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தி இருக்கிறாள்.

உன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அம்மா பழைய பஞ்சாங்கம் என்று சொல்லி முதல் பக்கத்திலேயே மடித்து வைத்துவிடுவாய். ஜாதகம் பார்க்கவில்லை, நல்லது. உன் அக்கா கவிதாவுக்குப் பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று சொன்ன ஜோசியர் இன்றும் அதே தெருவில் அதே பலகையோடு உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கடந்துபோகும்போதெல்லாம் எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வருகிறது. முகூர்த்தத்துக்குப் பதில் எல்லாருக்கும் வசதியான ஞாயிற்றுக்கிழமை, அதுவும் சரி. பெண் வீட்டில் எதுவும் கேட்கவில்லை, ரொம்பச் சரி. ஆனால் அதை நிரலின் அடியில் பூ வரைந்து எழுதி வைத்திருக்கிறாயே, அது எதற்கு? திருடாமல் இருந்ததற்கு யாராவது தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்வார்களா?

மற்றதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "பழைய சடங்குகளை மறுபடி யோசிக்கிறோம்" என்று மேலே பெரிதாகப் போட்டிருக்கிறாய். யோசித்ததன் விளைவு என்ன? மூணாறில் மாட்டுப்பட்டி அணை பின்னால் தெரிகிற மாதிரி மேடை. வந்தவர்கள் எல்லாரும் பிஸ்தா நிறத்தில் உடுத்த வேண்டும், உன் அப்பா உட்பட. வாழ்நாளில் வெள்ளை வேட்டி தவிர வேறெதையும் கட்டாத மனிதர் அந்த நிறத்தில் நிற்பதை நினைத்தாலே எனக்குப் பாவமாக இருக்கிறது. நம்மூரில் யாரும் கேள்விப்படாத ஹல்தி ஒரு நாள், சங்கீத் ஒரு நாள். நம் கல்யாணங்களில் முன்னின்று சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் வேண்டாம், அவர் பழைய காலம். அவருக்குப் பதில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஓடுகிற ஒரு பெண், எப்போது சிரிக்க வேண்டும், எப்போது அழ வேண்டும் என்று உங்களுக்குச் சைகை காட்டப் போகிறாள். அருமைக்காரர் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்து எழுந்தால் அடிமைத்தனம், அந்தப் பெண் சொன்னதைக் கேட்டு மூன்று தரம் திரும்பத் திரும்ப நடந்து வந்தால் சுதந்திரமா? பிறகு அந்த உறுதிமொழி. "உன் காபிக்கு நான் சர்க்கரையாக இருப்பேன்" என்று எழுதியிருக்கிறாய். நீ இதுவரை ஒரு தம்ளர் காபி போட்டு எனக்குக் கொடுத்ததில்லை. சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்றாவது திவ்யாவுக்குச் சொல்லிவிட்டு மைக்கைப் பிடி.

நிரலைப் பார்த்து இங்கே மூக்கைச் சிந்துகிறவர்களையும் விட்டுவைக்க எனக்கு மனசில்லை. உன் பெரியப்பா வீட்டுக்கு வந்து, மரபு போச்சு, குலம் போச்சு என்று அரைமணி நேரம் பேசினார். கடைசியில் தெரிந்தது, மேடைக்கு முன்னால் சொந்தக்காரர்களுக்குத் தனி வரிசை இல்லை என்பதுதான் அவருடைய குலத்துக்கு நேர்ந்த நஷ்டம். அப்படிப்பட்டவர்களுக்காக நான் பேசவில்லை. நீ எல்லாச் சடங்கையும் தூக்கி எறிந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. பிஸ்தா நிறத்தில் ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

நீ ஒன்றை மட்டும் எறியவில்லை. இரண்டாம் பக்கத்தில், பத்தரை மணிக்கு இணைச்சீர். திவ்யாவின் சிநேகிதிகள் ஏதோ ரீல்ஸில் பார்த்தார்களாம், ரொம்ப அழகாக இருக்கிறதாம், அதனால் அது இருக்கட்டும் என்று முடிவாம். திவ்யா மூணாறு எஸ்டேட்டில் வளர்ந்த பெண், அவளுக்கு இது புதுசு, அவளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உனக்குத் தெரியும். கல்யாணப் பெண் கட்டப்போகிற கூறைச்சேலையை மூங்கில் கூடையில் வைத்து மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் சுமந்து வருவாள். அண்ணனோ தம்பியோ, அவன் பக்கத்தில் நிற்பாள். சேலையின் ஒரு தலைப்பு அவனிடம், மறுதலைப்பு அவள் கையில். புதிதாக ஒருத்தி வருவதால் பழைய உறவு அறுந்துபோகாது என்று ஊர் முன்னால் நின்று சொல்கிற சீர் அது. எனக்குத் தெரிந்து நம் கல்யாணத்தில் அர்த்தம் உள்ள இடம் அது ஒன்றுதான். அந்த இடத்துக்கு நேரே நிவேதா என்று எழுதியிருக்கிறாய். நிவேதா என் தங்கை மகள், நல்ல பெண், நன்றாக உடுத்துவாள். ஆனால் உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள் கவிதா.

அன்றைக்கு நான் உன்னைக் கூப்பிட்டது இதற்காகத்தான். நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "அம்மா, அக்காவுக்குச் சங்கடமா இருக்கும்மா. மேடையில நின்னா நாலு பேரு நாலு கேள்வி கேப்பாங்க. புருஷன் எங்கே, குழந்தை எங்கேன்னு. அவளுக்காகத்தான் சொல்றேன். நிவேதான்னா ஃபோட்டோவுக்கும் நல்லா இருக்கும்." நான் கேட்டேன், "அவகிட்டக் கேட்டியா கண்ணு?" நீ சொன்னாய், "கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா." பிறகு மீட்டிங் வந்துவிட்டது.

பிரவீண், முப்பது வருடத்தில் எத்தனை பேர் என் முன்னால் பால் கேனை நீட்டியிருப்பார்கள். தண்ணீர் கலந்தவன் வாய் ஓயாமல் பேசுவான். மாட்டுக்குச் சீக்கு, புல் சரியில்லை, மழை ஜாஸ்தி என்று நான் கேட்காமலே காரணம் சொல்லுவான். நீ "அவளுக்காகத்தான்" என்று சொன்னபோது அந்த ஆட்களின் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து உன் மாமியார் கூப்பிட்டார். கொழுந்து பறிக்கப் போய்விட்டு வந்த மூச்சிரைப்பு அடங்காமலே பேசினார். "சம்மந்தியம்மா, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீக. எங்க பக்கம் மூணாவது முடிச்சு நாத்தனாதான் போடணும். பிள்ளைக அதெல்லாம் வேண்டாம்னுட்டுதுக, சரி, அதுக இஷ்டம். ஆனா ஒங்க பக்கத்துச் சீருக்குக்கூட ஒங்க மக நிக்கமாட்டேன்னு சொல்லிட்டாகளாமே. மாப்பிள்ளை சொன்னாருன்னு திவ்யா சொல்லுச்சு. எங்க பிள்ளை மேல அவுகளுக்கு ஏதும் மனத்தாங்கலா?"

நீ கவிதாவைக் கேட்கவே இல்லை. கேட்டதாகவும் அவள் மறுத்ததாகவும் கட்டிக்கப்போகிற பெண்ணிடம் சொல்லியிருக்கிறாய். உறுதிமொழி படிக்கிறதற்கு முன்பே பொய்யில் தொடங்கியாகிவிட்டது. நானாவது உண்மையைச் சொன்னேனா? நாக்கு நுனி வரை வந்தது, உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நான் பேசறனுங்க" என்று மழுப்பினேன். அந்த அம்மாள் "சரி தாயி" என்றார். அவர் நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. உன்னால் எனக்கு வந்த அவமானங்களில் இது புதுசு.

அப்புறம் கவிதாவைக் கூப்பிட்டேன். கம்பம்மெட்டில் அவள் வேலை செய்கிற ஏலக்காய்க் கடையில் ஆட்கள் காய் பிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நான் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள், "தம்பி எனக்கும் அனுப்பிச்சிருக்காம்மா. வாசல்ல பன்னீர் தெளிக்கிறது நான். சேலைகூட எடுத்துட்டேன். ரவிக்கை தெக்கக் குடுத்திருக்கேன்." அதில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "தம்பி பக்கத்துல நீ நிக்கோணும்னு உனக்குத் தோணலயா?" என்று கேட்டேன். "கூப்பிட்டானே, அதே பெருசும்மா. பெரியப்பா மக கல்யாணத்துக்கு என்னை வரவேண்டாம்னு நீயே சொல்லிப்போட்டியே" என்றாள். குத்திக்காட்டவில்லை. அன்றைக்கு மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

ஆமாம், சொன்னேன். பொள்ளாச்சியில் புருஷன் வீட்டிலிருந்து அவள் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கியபோது, என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. "எப்பத் திரும்பிப் போறே?" என்று கேட்டேன். பதினைந்து நாள் அதையே கேட்டேன். அவள் திரும்பிப் போகவில்லை, மலையேறி கம்பம்மெட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வருடம் உன் பெரியப்பா வீட்டுக் கல்யாணம் வந்தது. "நாலு பேரு கேள்வி கேப்பாங்க, உனக்குத்தான் சங்கடம்" என்று போனில் சொன்னேன். நீ அப்போது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன் வாயிலிருந்து வந்த அந்த நாலு பேரும் யார் வீட்டு ஆட்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

இன்னும் பின்னால் போக வேண்டும். என் கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்புதான் உன் அப்பாவின் அக்கா, உன் சரோஜா அத்தை, புருஷன் வீட்டை விட்டு வந்திருந்தார். இணைச்சீருக்கு அவர்தான் நிற்க வேண்டும். எனக்கு இருபத்தொரு வயது. காலேஜ் வாசல் மிதித்தவள், மேடையில் மாலை மாற்றும்போது தலையைக் குனியமாட்டேன் என்று சொல்லி வீட்டில் சண்டை போட்டவள். அந்தக் காலத்துக்கு நானும் எல்லாவற்றையும் மறுபடி யோசித்தவள்தான். அந்த நான், கல்யாணத்துக்கு முதல் நாள், எல்லார் காதிலும் விழும்படி எங்கம்மாவிடம் சொன்னேன்: "அவங்க கையில இருந்து வர்ற சேலைய நான் கட்டமாட்டேன்." மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நீ பழைய காலம் என்று ஒதுக்கிய அருமைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "கூடப்பொறந்தவ நிக்கட்டுமுங்க, அதுல ஒண்ணும் ஆவாதுங்க. சீரே அவளுக்குத்தானுங்க" என்றார். நான் பிடித்த பிடியில் நின்றேன். சடங்கு அவரைத் தள்ளிவைக்கவில்லை பிரவீண், நான் தள்ளிவைத்தேன். உன் அப்பா அன்றைக்கும் "ம்" என்றுதான் சொன்னார். யாரோ ஒரு பங்காளி வீட்டுப் பெண் கூடையைச் சுமந்தாள். சரோஜா அத்தை பந்தியில் பரிமாறினார். நான் சாப்பிட உட்கார்ந்தபோது என் இலையில் கேசரி வைத்தவர் அவர்தான். "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்று தன்னைவிடச் சின்னவளான என்னிடம் மரியாதையோடு கேட்டார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையால் மறித்தேன்.

இதை நான் மறைத்து வைத்திருந்தேன் என்று நினைக்காதே. அதுதான் கேவலம். உங்கள் இரண்டு பேருக்கும் சோறு ஊட்டும்போது இதை ஒரு வீரக்கதையாகச் சொல்லியிருக்கிறேன். அம்மா அன்றைக்கே எவ்வளவு கறாராக இருந்தேன் பார் என்று. நீ கைதட்டிச் சிரிப்பாய். கவிதாதான் ஒருமுறை, "அத்தை அப்ப அழுதாங்களா?" என்று கேட்டாள். "வாயைத் திற, சோறு ஆறுது" என்றேன். அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன் நீ. உன்னைப் பார்த்து எனக்கு வருகிற அருவருப்பில் பெரிய பங்கு என்னுடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக உன் பங்கு குறைந்துவிடும் என்று எண்ணாதே. நான் அதைப் பெருமையாகவாவது செய்தேன். நீ அதையே அன்பு என்று பெயர் வைத்துச் செய்கிறாய்.

நேற்றுச் சாயங்காலம் சரோஜா அத்தை வீட்டுக்குப் போனேன். நம் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. அவர் முப்பது வருடம் தினமும் இரண்டு வேளை சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர், நான் அளந்து எழுதியவள். ஒரு நாள்கூட அவர் பாலில் குறை கண்டதில்லை, ஒரு நாள்கூட பாலைத் தவிர வேறு பேச்சும் பேசியதில்லை. கட்டுத்தறியில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே, நாத்தனார் முறை வைத்து, "நங்கையா, எம்மேல தப்புங்க" என்றேன். "எந்தத் தப்பு?" என்று புல்லை உதறிக்கொண்டே கேட்டார். "கல்யாணத்தப்ப, கூடை..." என்று ஆரம்பித்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நிரல் அவர் வீட்டுக்கும் வந்திருக்கும். "தெனம் ரெண்டு வேளை உம்பட முன்னால கேனைத் தூக்கிட்டு வந்து நின்னனே. அப்பெல்லாம் வராத தப்பு இப்ப எங்கிருந்து வருது? உம்பட மகளுக்குன்னு வந்ததும் வருதா?" என்றார். அழுதால் அதையும் ஒரு நடிப்பாக எடுத்துக்கொள்வார் என்று பயந்து அழாமல் நின்றேன். மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தார். "எங்கிட்ட வந்து நின்னு என்ன ஆகப்போகுது புள்ள? நிக்கோணும்னா அவகூடப் போய் நில்லு" என்றார். உள்ளே போய்விட்டார். உட்கார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். "ம்" வரும் என்று காத்திருந்தேன். "அன்னைக்கு நான் வாயைத் திறந்திருக்கோணும்" என்றார். முப்பத்தேழு வருடம் கழித்து ஒரு முழு வாக்கியம்.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இது யோசனை அல்ல. திவ்யாவிடம் போய், அக்கா மறுக்கவில்லை, நான் கேட்கவே இல்லை என்று சொல். அவள் உன்னை அற்பமாகப் பார்ப்பாள், பார்க்கட்டும், கல்யாணத்துக்கு முன்னால் பார்ப்பது அவளுக்கு நல்லது. பிறகு கம்பம்மெட்டுக்குப் போ. போனில் வேண்டாம். கடையில், அந்த ஆட்கள் முன்னால், "அக்கா, என் பக்கத்தில் நீ நிற்பாயா" என்று கேள். அவளுக்காகக் கேட்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, உனக்காகக் கேள். அவள் முடியாது என்று சொல்லலாம். சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. அப்படிச் சொன்னால் பத்தரை மணியை நிரலில் அடித்துவிடு. படத்துக்கு அழகாக இருக்கிறது என்று இன்னொருத்தி கையில் அந்தக் கூடையைக் கொடுக்காதே.

கேட்க உனக்கு வாய் வரவில்லையென்றால், நிரல் அப்படியே இருக்கட்டும். நிவேதா நிற்கட்டும், அந்த ஒயர் மாட்டிய பெண் சைகை காட்டட்டும். நான் கல்யாணத்துக்கு வருவேனா என்ற பயம் உனக்கு வேண்டாம். கட்டாயம் வருவேன், நீ சொன்ன நிறத்திலேயே உடுத்தி வருவேன். வாசலில் கவிதாவின் பக்கத்தில் இன்னொரு பன்னீர்ச் செம்போடு நிற்பேன், கடைசி ஆள் உள்ளே போகும்வரை. மேடையில் பெற்றவள் நிற்க வேண்டிய நேரம் வரும்போது மாப்பிள்ளையின் அம்மா எங்கே என்று யாராவது கேட்பார்கள். வாசலில் அக்கா பக்கத்தில் நிற்கிறாள், உள்ளே வரும்போது அவள் கையால்தான் பன்னீர் வாங்கிக்கொண்டு வந்தீர்கள் என்று நீயே மைக்கில் சொல்லிவிடு.

அம்மா